20 அடியில் தண்ணீர்: வரமா, ஆபத்தா?

சென்னையில் மனை வாங்கப் போகிறவர்கள் தரகரிடம் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது?" என்பதுதான்.

"20 அடியிலேயே தண்ணீர், சார்! இளநீர் மாதிரி இருக்கும்" என்பார் தரகர். உடனே மனையின் விலை ஏறும்.

இந்தப் பதிலை நிலத்தடி நீர் நிபுணர் ஒருவர் கேட்டால் அவர் முகம் மலராது. "20 அடிதானா?" என்று யோசிப்பார்.

ஏன் யோசிக்கிறார்? தண்ணீர் இத்தனை மேலே இருந்தால், பெய்யும் மழை சீக்கிரமே அதைப் போய்ச் சேருகிறது என்று பொருள். மழை இறங்கும் வழியில்தான் சாக்கடையும் இறங்கும். நல்ல நீர், கெட்ட நீர் என்ற பேதம் மண்ணுக்குத் தெரியாது.

ஆகவே, நல்ல தண்ணீர் எங்கே சுலபமாகக் கிடைக்கிறதோ, அங்கேதான் அது சுலபமாகக் கெட்டும் போகிறது. விறுவிறு என்று வளரும் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஊர் முந்திக்கொண்டது

1951-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி சென்னை நகரில் 14 லட்சம் பேர் இருந்தார்கள். 2011-ம் ஆண்டில் அது 46 லட்சம் ஆயிற்று. அதே 2011-ல் மாநகராட்சியின் எல்லை 176 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், வளசரவாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் எல்லாம் மாநகருக்குள் வந்தன.

எல்லையை ஒரு உத்தரவு போட்டு விரித்துவிடலாம். பாதாளச் சாக்கடையை அப்படி விரிக்க முடியாது. தெருவைத் தோண்ட வேண்டும். குழாய் பதிக்க வேண்டும். கழிவுநீரைத் தள்ளிவிட பம்பு நிலையம் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் வருஷக் கணக்கில் ஆகும்.

புதுப் பேட்டைகளில் நடக்கும் வரிசை என்ன? முதலில் மனை. பிறகு போர். பிறகு வீடு, அதோடு ஒரு செப்டிக் டேங்க். குழாய்த் தண்ணீரும் பாதாளச் சாக்கடையும் கடைசியில்தான் வருகின்றன. அவை வந்து சேரும் வரையில் உள்ள வருஷங்களில்தான் பூமிக்கு அடியில் இருக்கும் நீர் கெடுகிறது.

60 அடிக் கணக்கு

செப்டிக் டேங்க் என்பது மூடி வைத்த பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. கழிவில் கெட்டியானது தொட்டியின் அடியில் தங்கும். தெளிந்த நீர் மேலே நிற்கும். அந்த நீர் வெளியேறி, பக்கத்தில் உள்ள உறிஞ்சுகுழி வழியாக மண்ணுக்குள் இறங்கும். அது பார்வைக்குத்தான் தெளிந்த நீர். அதில் கிருமிகள் இருக்கும். கரைந்துபோன உப்புகளும் இருக்கும்.

அடியில் தங்கும் கசடை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது லாரி வைத்து எடுக்க வேண்டும். "நாங்கள் லாரியே கூப்பிட்டது இல்லை. பத்து வருஷமாகத் தொட்டி நிறையவே இல்லை" என்று சிலர் பெருமையாகச் சொல்வது உண்டு. அது பெருமைப்படுகிற விஷயம் அல்ல. நிறையாத தொட்டி எங்கேயோ ஒழுகுகிறது. சில தொட்டிகளுக்கு அடித்தளமே போட்டிருக்க மாட்டார்கள்.

உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அதாவது சுமார் 60 அடி.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அரை கிரவுண்டு மனை என்பது 1,200 சதுர அடி. 30 அடி அகலம், 40 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் கிணறு, எதிர் மூலையில் குழி என்று வைத்தாலும் இடைவெளி 50 அடிதான். விதியின்படி 60 அடி வேண்டும். அரை கிரவுண்டில் அது நடக்காத காரியம்!

ஒரு கிரவுண்டு மனை வைத்திருப்பவர் நிம்மதியாக இருக்கலாமா? 40 அடிக்கு 60 அடி மனையில் மூலைக்கு மூலை 72 அடி வரும். அவர் வீட்டுக் குழியை அவர் தள்ளி வைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக் குழியை என்ன செய்வார்? அது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பத்தாவது அடியில் இருக்கும். மதில் சுவர் மண்ணுக்கு மேலேதான் எல்லை. மண்ணுக்கு அடியில் பட்டாவும் கிடையாது, வேலியும் கிடையாது.

விதி போட்டவர்கள் தூரத்தைப் பார்த்தார்கள். மனை பிரித்தவர்கள் விலையைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

3 அடி தூரத்தில் மரணம்

கிணறும் கழிவுக் குழியும் நெருங்கி இருந்தால் என்ன நேரும் என்பதை லண்டன் மாநகரம் 1854-ம் ஆண்டிலேயே பார்த்துவிட்டது. அன்றைய லண்டனும் இன்றைய புறநகர்களைப் போல வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர். வீடுகள் பெருகின. வீட்டுக்கு அடியிலேயே கழிவுக் குழிகளும் பெருகின.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் சோஹோ என்ற பகுதியில் காலரா பரவியது. 600-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் ஒவ்வொரு வீடாக விசாரித்தார். மரணம் நேர்ந்த வீடுகளைப் பின்னர் தெருப் படத்திலும் குறித்தார். அவற்றில் பெரும்பாலானவை பிராட் தெருவில் இருந்த ஒரு பொதுக் குழாயைச் சுற்றியே இருந்தன. செப்டம்பர் 8-ந் தேதி அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றி விட்டார்கள்.

பிறகு தோண்டிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. கிணற்றில் இருந்து சுமார் 3 அடி தூரத்தில் ஒரு வீட்டின் கழிவுக் குழி உடைந்து கசிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் அந்தக் குழியில்தான் கொட்டப்பட்டது.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு நல்ல பெயர் இருந்தது! ருசிக்காகவே பல மைல் தள்ளி இருந்த ஒரு மூதாட்டி அதைத் தினமும் வரவழைத்துக் குடித்து வந்தார். அவரும் காலராவில் இறந்தார். ருசியை நம்பி தண்ணீருக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கக் கூடாது.

மண்ணுக்கு மார்க்

எந்த இடத்தில் ஆபத்து அதிகம், எந்த இடத்தில் குறைவு என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா? முடியும்.

1987-ம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். இந்தியாவிலும் பல ஊர்களில் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கையாண்டு வருகிறார்கள். பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரியான முறை இது. மண்ணிடம் 7 கேள்விகள் கேட்டு மார்க் போட வேண்டும். ஒரே வித்தியாசம், இந்தப் பரீட்சையில் அதிக மார்க் வாங்கினால் ஆபத்து!

தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது? ஆண்டுதோறும் எவ்வளவு மழைநீர் உள்ளே இறங்குகிறது? நீரைத் தாங்கும் அடுக்கு மணலா, பாறையா? மேல் மண் எப்படிப்பட்டது? நிலம் சரிவா, சமதளமா? மேல் மண்ணுக்கும் நீர் மட்டத்துக்கும் இடையே இருப்பது என்ன? அடியில் உள்ள நீர் எவ்வளவு வேகமாக நகர்கிறது? இவைதான் அந்த 7 கேள்விகள்.

எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்பு அல்ல. ஆழத்துக்கும், இடையில் உள்ள அடுக்குக்கும் 5 மடங்கு மதிப்பு. சரிவுக்கு 1 மடங்குதான். எல்லாமே மிக மோசம் என்றால் சுமார் 230 மார்க் வரும்.

ஆழத்துக்கும் இடை அடுக்குக்கும் ஏன் இத்தனை மதிப்பு? காப்பி வடிகட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தூள் கனமாக இருந்தால் நீர் மெல்ல இறங்கும். தூள் இரண்டே கரண்டி என்றால் மளமள என்று இறங்கிவிடும். மண்ணும் ஒரு வடிகட்டிதான். அழுக்கு நீர் அதில் மெல்ல இறங்கினால், வழியிலேயே பல கிருமிகள் சிக்கிச் செத்துவிடும். வேகமாக இறங்கினால் கிருமிகள் உயிரோடு கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

சென்னையில் மூன்று விதமான தரை இருக்கிறது. திருவான்மியூரில் இருந்து தெற்கே கடலோரமாகப் போனால் மணல். மேற்குப் பக்கத்தில் பல இடங்களில் களிமண். கிண்டி, பரங்கிமலைப் பக்கம் கடும் பாறை.

மணலில் உறைக்கிணறு போட்டால் சில அடிகளிலேயே நன்னீர் ஊறும். கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே உள்ள அந்த மணல் மேட்டில் மழைநீர் தங்குகிறது. சென்னைக்குக் கிடைத்த பெரிய வரம் அது. ஆனால் 7 கேள்விகளைக் கேட்டால் அதே மணல் மேடுதான் அதிக மார்க் வாங்கும். நீர் மேலே இருக்கிறது, நடுவில் இருப்பதும் மணல், நிலமும் சமதளம். அடுக்கு மாடி வீடுகள் எழுந்ததும் அங்கேதான்.

களிமண் பகுதியில் நீர் மெதுவாகத்தான் இறங்கும். அதனால் மார்க் குறைவு. அங்கே இருப்பவர்கள் சந்தோஷப்படலாம். ஆனால் முழுக்க அல்ல. களிமண் என்பது மூடிய கதவு. போர் போடும்போது அந்தக் கதவில் நாமே துளை போடுகிறோம். குழாயைச் சுற்றி உள்ள இடைவெளியைச் சிமெண்டு வைத்து அடைக்காவிட்டால், தெருவில் நிற்கும் சாக்கடை அந்தச் சந்து வழியாக நேரே அடியில் போய்விடும். நல்ல நிலத்தை மோசமான போர் கெடுத்துவிடும்.

பாறையின் குணம் வேறு. அதில் உள்ள வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடும். வெடிப்புக்குள் புகுந்த அழுக்கை வடிகட்ட அங்கே எதுவும் இல்லை. எந்த வெடிப்பு எங்கே போகிறது என்பதும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

இடையில் மழைநீர் சேகரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் அது எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. மிக நல்ல காரியம். மொட்டை மாடித் தண்ணீரைச் சல்லி, மணல் வழியாக வடித்துக் கிணற்றில் விட்டால் கேடு இல்லை. தெருவில் ஓடும் வெள்ளத்தையும் குளியலறை நீரையும் அதே கிணற்றில் திருப்பி விடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் ஏறுகிறது என்று மகிழ்கிறார்கள். ஏறுகிற தண்ணீர் எது என்று பார்ப்பதில்லை.

மேலே இருப்பது என்ன?

மண்ணுக்கு மார்க் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. அந்த மண்ணின் மேல் என்ன வைத்திருக்கிறோம் என்று பார்ப்பது மறு பாதி. பூட்டு இல்லாத வீடும், தெருவில் திருடனும் சேர்ந்தால்தானே களவு?

குரோம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடும் குரோமியத்தை வைத்தே வந்த பெயர் அது. 1912-ம் ஆண்டில் அங்கே குரோம் தோல் தொழிற்சாலை ஏற்பட்டது. அடுத்த பல்லாவரம் வட்டாரத்திலும் தோல் பதனிடும் தொழில் பெருகியது. அந்த வட்டாரத்து நிலத்தடி நீரில் உப்பும் குரோமியமும் மிகுந்திருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

2013-ம் ஆண்டில் வடசென்னை தண்டையார்பேட்டையில் வீட்டுப் போரில் இருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் வந்தது. பூமிக்கு அடியில் எண்ணெய் கொண்டுசென்ற குழாயில் ஏற்பட்ட கசிவுதான் காரணம். சமையலுக்கு எடுத்த தண்ணீரில் டீசல் வாடை வந்தால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும்!

குப்பை மேடுகள் இரண்டு. வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் குப்பை கொட்டப்பட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மழைநீரைத் தாங்கிப் பூமிக்குள் அனுப்ப இயற்கை கொடுத்த தட்டு அது. 2022-ம் ஆண்டில் அந்தச் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குப்பையைத் தரம் பிரித்து அகற்றும் வேலையும் இரண்டு இடங்களிலும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மேலே உள்ள குப்பையை லாரியில் ஏற்றலாம். ஏற்கனவே மண்ணில் இறங்கிவிட்ட குப்பைச் சாற்றை ஏற்ற லாரி இல்லை.

மீஞ்சூரின் கதை வேறு. அங்கே வந்த எதிரி கடல்! நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் அங்கே கிணறுகள் போட்டுப் பல ஆண்டுகள் இறைத்தார்கள். நன்னீர் மட்டம் இறங்க இறங்க, கடல் நீர் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்துவிட்டது. 2010-ம் ஆண்டில் அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. இலவசமாக ஊறிய நீர் இருந்த வட்டாரத்தில் இன்று மின்சாரம் செலவழித்து நன்னீர் தயாராகிறது.

கொதிக்க வைத்தால் போதுமா?

"எதுவானாலும் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கிருமிகளைப் பொறுத்தவரை அது உண்மை. கழிவுநீர் கலப்பதால் வரும் நைட்ரேட்டுக்கு அது பொருந்தாது. தண்ணீர் கொதித்து வற்ற வற்ற, மிஞ்சிய நீரில் நைட்ரேட்டின் செறிவு கூடும். குரோமியமும் கொதிப்பதால் போகாது.

ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. புட்டிப் பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை அது குறைத்துவிடும். குழந்தையின் உதடும் விரலும் நீலம் பூக்கும். நைட்ரேட்டுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. சோதனை செய்தால்தான் தெரியும்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். ஒரு தடவை சோதித்துச் சீட்டைப் பீரோவில் வைத்துவிட்டால் போதாது. கோடையில் ஒரு முறை, பெருமழைக்குப் பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும். மழைக்குப் பிறகுதான் மேலே உள்ள அழுக்கு கீழே இறங்கும்.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கியவர்கள் இந்தத் தொல்லையில் இருந்து பெருமளவு தப்பலாம். அதே தெருக் கடைசியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பம் எப்படித் தப்பும்? அவர்களுக்கு ஒரு போர், ஒரு குடம். அடிமண் நீர் கெட்டால் முதலில் கெடுவது அவர்கள் வீட்டு உடம்பு. 2019-ம் ஆண்டு கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் கைகொடுப்பது நிலத்தடி நீர்தான்.

கட்டுவதற்கு முன்பா, கெட்ட பிறகா?

மத்திய நிலத்தடி நீர் வாரியம் வட்டாரம் வட்டாரமாகக் கணக்கெடுக்கிறது. "பாதுகாப்பானது", "ஓரளவு அபாயம்", "அபாயம்", "அளவுக்கு மீறி இறைக்கப்பட்டது" என்று வகை பிரிக்கிறது. இந்த வகைகள் எதைக் காட்டுகின்றன? எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு இறைக்கிறோம் என்பதைத்தான். "பாதுகாப்பானது" என்ற வட்டாரத்தில் தண்ணீர் ஏராளமாக இருக்கலாம். அது குடிக்க லாயக்கில்லாமலும் இருக்கலாம்.

தண்ணீரின் குணத்தையும் அதிகாரிகள் சோதிக்கத்தான் செய்கிறார்கள். இருக்கிற கிணற்றில் நீரை எடுத்துச் சோதித்தால், கெட்டுவிட்டதா என்று தெரியும். எங்கே கெடப் போகிறது என்று தெரியாது. அதைச் சொல்லக் கூடியது மண்ணுக்குப் போட்ட மார்க். கெட்டபின் தெரிந்து என்ன பயன்? ஆறு என்றால் அடுத்த வெள்ளத்தில் ஓரளவு கழுவிக்கொள்ளும். நிலத்தடி நீர் ஆமை வேகத்தில் நகர்வது. ஒரு தடவை கெட்டால் தலைமுறைக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. கேடு வரும் என்று தோன்றினால் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும். முழு நிரூபணம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். தொழிற்சாலைக்குச் சொன்ன அந்த நியாயம் மனைப் பிரிவுக்கும் பொருந்தும் என்பது நம் கருத்து.

இதை அவசரமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2022-ம் ஆண்டில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரில் இருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் கிராமங்கள் அதில் வருகின்றன. அந்தக் கிராமங்களில் இன்னும் வயல் இருக்கிறது. ஏரி இருக்கிறது. குடிக்கத் தக்க கிணறும் இருக்கிறது. அங்கே மண்ணுக்கு மார்க் போட்டு, படத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணம் தீட்டிவிட்டுப் பிறகு மனைகளுக்கு அனுமதி கொடுக்கலாம். சிவப்புப் பகுதியில் பாதாளச் சாக்கடை முதலில், வீடு பிறகு என்று விதி செய்யலாம். அங்கே பெட்ரோல் தொட்டிக்கும் குப்பைக் கிடங்குக்கும் இடம் கொடுக்காமல் இருக்கலாம்.

இந்தப் படம் தீட்டத் தேவையான விவரத்தில் பாதி நம் கண் எதிரிலேயே வீணாகிறது. போர் போடும் லாரிக்காரர்கள் எத்தனையாவது அடியில் மணல் வந்தது, எதில் களி வந்தது, எதில் பாறை தட்டியது என்று பார்த்துக்கொண்டேதான் துளைக்கிறார்கள். வேலை முடிந்ததும் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த விவரமும் பெரும்பாலும் அவர்களோடு போய்விடுகிறது. உங்கள் வீட்டில் போர் போட்டால் அதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுங்கள்.